பதினாலு மாத்திரையைப் பங்கு போட்டவர்

அவர் பஸ்ஸில் ஏறுவது யாருக்கும் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும், அதுவும் டிக்கெட் வாங்காத யாரையாவது கையோடு அழைத்துக்கொண்டு இறங்கும்போது. முன்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பின்வாசலில் நிற்பார். பின்வாசலைப் பார்த்தால் நடுவில் கம்பியைப் பிடித்தபடி, பிறந்ததிலிருந்து அங்கேயே நிற்பவர் மாதிரி நிற்பார். அதனால் கண்டக்டர்கள் அவருக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தார்கள். "பூனை ஏறிடுச்சு" என்பதை விசில் ஊதியே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டு உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொள்வார். மீசை இல்லை, அது வேறு விஷயம்.

டிக்கெட் பரிசோதகர் வேலைக்கு வந்து இருபத்தொரு வருஷம். அத்தனை வருஷத்தில் மனிதர்கள் சொல்கிற சாக்குகளை அவர் அரிசி, பருப்பு மாதிரி தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "பர்ஸை மறந்துட்டேன்" என்பவர் நேராகக் கண்ணைப் பார்ப்பார். "இப்பதான் ஏறினேன்" என்பவர் ஜன்னலைப் பார்ப்பார். "கண்டக்டர் வரவே இல்ல சார்" என்பவர் பக்கத்துச் சீட்டுக்காரரைச் சாட்சிக்கு இழுப்பார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே டிக்கெட்டில் வந்துவிட்டு, "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான் சார்" என்று சொன்னதும் உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒவ்வொருவர் குரலிலும் அவர் பேசிக்காட்டுவார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அவளுக்கு மாத்திரை கம்பெனியில் வேலை. ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, அட்டையில் எந்தக் குழியாவது காலியாக இருக்கிறதா, மாத்திரை உடைந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கிப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக அதே பெல்ட். வீட்டில் அரிசியில் கல் பொறுக்கினாலும் அவள் விரல் அந்த வேகத்தில்தான் போகும். பெண் ஒருத்தி, வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் இருப்பது குறை கண்டுபிடிக்கிற வேலை பார்க்கும் இரண்டு பேர். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனிதன் தப்பு செய்யலாமா? செய்தார்.

புது டிக்கெட் மிஷின் வந்தது. அதைப் பழகிக்கொள்ள அவரை ஐந்து நாள் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்கு வந்திருந்த இன்னொரு பணிமனைப் பெண், நல்ல பேச்சுக்காரி, தனியாக வாழ்கிறவள். நான்காம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மழைமேல் பழியைப் போடலாம்தான். ஆனால் மழை பாவம், அது எல்லார்மேலும் ஒரே மாதிரிதான் பெய்தது. மற்றவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊர் திரும்பியவருக்கு மனைவிமேல் திடீரென்று அன்பு பொங்கியது. கேட்காமலே தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். காலையில் எழுந்து டீ போட்டார். அவளுடைய செருப்பு வாரைத் தைத்துக்கொண்டு வந்தார்.

"பயிற்சியில மிஷின் சொல்லிக் கொடுத்தாங்களா, இல்ல மாப்பிள்ளையா இருக்கறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று அவள் கேட்டாள்.

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு அவர் சிரித்தார். அன்பு ஒரு வாரம் வீட்டில் கரைபுரண்டு ஓடியது. பகலோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அது நிற்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருக்கு ஒரு போன் வந்தது. அப்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு மரத்தின் பின்னால் பதுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"நான்தாங்க பேசறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா?" பயிற்சியில் பார்த்த பெண்ணின் குரல்.

"மரம்தான் இருக்கு. சொல்லுங்க."

"எனக்கு டெஸ்ட்ல ஒரு தொற்று வந்திருக்கு. கிளமிடியான்னு பேரு. ரெண்டு பேருக்கு நடுவுல பரவுறது. மாத்திரையில சரியாயிடும்னு சொல்லிட்டாங்க. நீங்களும் போய்ப் பாருங்க. வீட்டுலயும் சொல்லிடுங்க, அவங்களும் பார்க்கணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா. நல்லாத்தானே இருக்கேன்."

"நானும் நல்லாத்தாங்க இருந்தேன். வெளியில ஒண்ணுமே தெரியாதாம். அதான் சொல்றேன். சொல்ல வேண்டியது என் கடமை. வச்சிடறேன்."

அவள் வைத்துவிட்டாள். அந்த நேரம் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. பூனை ஏறவில்லை. நோய், தொற்று, டெஸ்ட் இதெல்லாம் அவர் காதில் பாதிதான் விழுந்திருந்தது. "வீட்டுலயும் சொல்லிடுங்க" என்ற இரண்டு வார்த்தைதான் மரத்தடியில் அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அதைச் சொன்னால் வீடு இருக்குமா?

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பால்வினை நோய்ப் பிரிவு பின்கட்டில், பல் பிடுங்குகிற இடத்துக்கும் எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கும் நடுவில் இருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை அந்த வாசலைத் தாண்டிப் போனார், பல் வலிக்காரர் மாதிரி. நான்காவது முறை வாசலில் இருந்த காவலாளி, "பல்லுன்னா இந்தப் பக்கம், அதுன்னா அந்தப் பக்கம். ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க சார்" என்றார்.

உள்ளே போனார். நான்கு வரிசை நாற்காலி. எல்லாரும் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோயிலில் கும்பிடுகிறவர்கள்கூட அவ்வளவு பக்தியாகக் குனிய மாட்டார்கள். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்ததும் உறைந்துபோனார். எட்டாம் நம்பர் பஸ் கண்டக்டர். போன மாதம்தான் இவர் கையால் ஒரு மெமோ வாங்கியவன்.

"வாங்க சார்," என்று கண்டக்டர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். "இங்கயும் செக்கிங்கா?"

"இல்லப்பா. ஒரு நண்பருக்காக வந்தேன்."

"ஓ. நானும் போன வருஷம் ஒரு நண்பனுக்காகத்தான் சார் வந்தேன். நண்பன் இப்ப நல்லா இருக்கான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கறான்."

அவரும் கைபேசியை எடுத்துக் குனிந்துகொண்டார். கண்டக்டரும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நம்பர் கூப்பிட்டதும் எழுந்து, "தைரியமா இருக்கச் சொல்லுங்க சார், நண்பரை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவருடைய நம்பர் வந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு நர்ஸம்மா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அதை மேஜையில் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"ஒரு நண்பருக்கு..."

"நண்பர் வரலையா?"

"வெளியூர்ல இருக்கார்."

"எப்ப நடந்துச்சாம்?"

"மூணு வாரம் ஆச்சு."

"சரி. அவர் ரத்தத்தைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "இப்பதான் ஏறினேன்" என்பவர்கள் பார்க்கிற அதே மாதிரி பார்த்தார். பார்க்கிறோம் என்பது தெரிந்ததும் காது சூடாகிவிட்டது.

"நான்தாங்க," என்றார்.

"அப்பாடா. நண்பர் ஊர்ல இருந்து வந்துட்டார்," என்று நர்ஸம்மா காகிதத்தை எடுத்தார். அதன்பிறகு கேலி இல்லை. கேட்க வேண்டியதை எல்லாம், பஸ் எந்த வழி போகும் என்று கேட்கிற குரலில் கேட்டார். உறை போட்டுக்கொண்டாரா, இல்லையா. அதற்குப் பிறகு மனைவியோடு இருந்தாரா. எரிச்சல், புண், கசிவு ஏதாவது உண்டா. எதிர்பார்த்தது திட்டு. திட்டு வராததால் அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"நடந்த மூணு நாளைக்குள்ள வந்திருந்தா எச்.ஐ.வி. வராம தடுக்கவே மாத்திரை இருக்கு. அந்த நேரம் தாண்டிடுச்சு. இன்னிக்கு ரத்தம் பார்க்கிறோம். சிலது உடனே காட்டாது, அதனால மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும். சிறுநீரும் கொடுத்துட்டுப் போங்க. அந்தம்மா போன் பண்ணிச் சொன்னதே பெரிய விஷயம். பாதிப் பேர் சொல்றதில்ல."

டாக்டர் ஐந்து நிமிஷம்தான் பார்த்தார். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அன்றைக்கே மருந்து எழுதினார். காலை ஒன்று, மாலை ஒன்று, ஏழு நாள், மொத்தம் பதினாலு கேப்சூல். "மனைவியைக் கட்டாயம் அழைச்சிட்டு வாங்க. அவங்களுக்கு வெளியில தெரியாமலே உள்ளுக்குள்ள பாதிக்கலாம். பார்த்துட்டு அவங்களுக்கும் மருந்து கொடுப்போம். ரெண்டு பேரும் முடிக்கிற வரைக்கும் விலகி இருங்க."

"சரிங்க டாக்டர்," என்றார். அந்தச் "சரி"யில் எவ்வளவு சத்தியம் இருந்தது என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஏனென்றால் வீடு போகும் வழியெல்லாம் அவர் ஆண்டவனிடம்தான் பேரம் பேசிக்கொண்டு போனார். இந்த ஒரு தடவை அவளுக்குத் தெரியாமல் காப்பாற்றினால் இனிமேல் தினமும் விளக்கேற்றுகிறேன் என்றார். தினமும் விளக்கேற்றுகிறவள் அவருடைய மனைவி என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. மேஜைமேல் பதினாலு கேப்சூலையும் கொட்டினார். பச்சையும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. வராமலே இருந்திருக்கலாம். இருப்பது பதினாலு, ஆள் இரண்டு, ஆளுக்கு ஏழு. ஏழு நாள் என்றுதானே டாக்டர் சொன்னார்? நாளுக்கு ஒன்று போட்டால் ஏழு நாளும் ஆயிற்று, இரண்டு பேரும் ஆயிற்று. சொல்லவும் வேண்டாம், அழைத்துப் போகவும் வேண்டாம். பூனை கண்ணை மூடிக்கொண்டது, உலகம் இருண்டுவிட்டது. ஏழு கேப்சூலை ஒரு காலி சத்து மாத்திரை டப்பாவில் போட்டார். மீதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் பாலோடும் உள்ளங்கையில் ஒரு கேப்சூலோடும் வந்து நின்றார்.

"இந்தா, இதைப் போட்டுக்கோ. சத்து மாத்திரை. பணிமனையில எல்லாருக்கும் கொடுத்தாங்க. குடும்பத்துக்கும் சேர்த்து."

அவள் தலையைப் பின்னிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தாள். பெல்ட்டில் ஓடுவதைப் பார்க்கிற பார்வை. ஒரு நொடிதான். பின்னலை விட்டுவிட்டு கேப்சூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுவா சத்து மாத்திரை?"

"ஆமா."

"எங்க ரெண்டாவது பெல்ட்ல இதுதாங்க ஓடுது. வாரத்துக்கு நாலு நாள். தூக்கத்துல காட்டினாக்கூட சொல்லுவேன்." டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தாள். "இதைப் பாலோட போட்டா மருந்து உடம்புல சரியா சேராது. பெட்டிக்குள்ள வைக்கிற தாள்லயே போட்டிருக்கும். யாருக்கு என்ன?"

"எனக்கு... லேசா சளி."

"உங்க சளிக்கு நான் எதுக்கு மாத்திரை போடணும்?"

அவர் நேராக அவள் கண்ணைப் பார்த்தார். பர்ஸை மறந்தவர்கள் பார்க்கிற பார்வை.

"டப்பாவைக் கொடுங்க." வாங்கி எண்ணினாள். எண்ணுவதற்கு அவளுக்கு விரல்கூட வேண்டியதில்லை. "கையில ஒண்ணு, இதுல ஆறு, ஆக ஏழுதான் இருக்கு. இதைப் பதினாலா கொடுப்பாங்க. மீதி உங்க பையிலயா?"

அவர் கை தானாகச் சட்டைப் பையை மூடியது.

"பாதி மருந்து. அதையும் பாலோட சேர்த்துப் பாதி. பாதியில பாதியைக் கொடுத்து என்னைக் காப்பாத்தப் பார்த்தீங்களாக்கும்." அவள் குரலில் கேலி இருந்தது. இந்த மருந்து எதற்கெல்லாம் கொடுப்பது என்ற பட்டியல் அவளுக்கு மனப்பாடம். பட்டியலை மனதுக்குள் ஓட்டி, கடைசி வரியில் வந்து நின்றுவிட்டாள். தண்ணீர்த் தொட்டி, டீ, செருப்பு வார், எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஓடுவதை அவர் பார்த்தார்.

"பயிற்சிக்குப் போனீங்களே, அங்கயா?"

"கேளு, அது எப்படின்னா, அன்னிக்கு மழை..."

"மழை வேணாம். சாக்கு சொல்றவங்களை நீங்க பேசிக்காட்டி நான் இருபத்தொரு வருஷமா சிரிச்சிருக்கேன். உங்க குரல்லயே ஒண்ணு கேட்க எனக்குத் தெம்பு இல்ல. நடந்தது என்ன, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இருபத்தொரு வருஷத்தில் யாரிடமும் இவ்வளவு சுருக்கமான பதிலை அவர் கேட்டதில்லை.

அவள் மீதிப் பின்னலைப் பின்னி முடித்தாள், பையை எடுத்தாள், வேலைக்குப் போய்விட்டாள். பால் ஆறி ஏடு கட்டியது. அவர் அதைக் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. திரும்பி வருவாளா, அக்கா வீட்டுக்குப் போய்விடுவாளா என்ற யோசனையில் நாள் முழுக்க எந்தப் பஸ்ஸில் ஏறினார், எதில் இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. அன்றைக்கு டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள் எல்லாரும் புண்ணியம் செய்தவர்கள்.

சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். அந்த ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

"நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க கூட்டிட்டுப் போக நான் என்ன குழந்தையா? நான் போறேன். வேணும்னா பின்னால வாங்க."

போனார்கள். பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் இரண்டு சீட்டு தள்ளிப் பின்னால். எட்டாம் நம்பர் பஸ். அதற்கு அவர் என்ன செய்வார், ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸே அதுதான். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தான். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார்! நண்பர் எப்படி இருக்கார்?"

முன் சீட்டிலிருந்து அவள் திரும்பினாள். "எந்த நண்பர்?"

கண்டக்டர் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், இருபது வருஷ அனுபவம் ஒரே நொடியில் வந்துவிட்டது அவனுக்கு. "வேற ஒருத்தருங்கக்கா. சாருக்கும் சம்பந்தமில்ல, எனக்கும் சம்பந்தமில்ல," என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"ஊருக்கே சொல்லியாச்சு. எனக்குத்தான் பாலோட சத்து மாத்திரையா கொடுத்தீங்க," என்றாள் அவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

நர்ஸம்மா நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். "ஆளுக்கு ஏழா பிரிச்சீங்களா? இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். போடாம விட்டவங்களைப் பார்த்திருக்கேன், தூக்கிப் போட்டவங்களைப் பார்த்திருக்கேன். பங்கு போட்டவரை இப்பதான் பார்க்கிறேன். ஏங்க, உங்க பஸ்ல ஒரு டிக்கெட்ல ரெண்டு பேர் வந்தா விடுவீங்களா?"

அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்ததற்குத் தன்மேலேயே கோபம் வந்து, உடனே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். ஆனால் அவர் அதைக் கேட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க அவர் உயிரோடு இருந்தது அந்தச் சிரிப்பின் புண்ணியத்தில்தான்.

"அரைகுறையா போட்டா கிருமி போகாது. இவர் முதல்ல இருந்து ஆரம்பிக்கட்டும்," என்று நர்ஸம்மா அவரை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு தனியாகப் பேசினார். அரை மணி நேரம் கதவு மூடியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. கையில் பஞ்சு. இன்னொரு கையில் பதினாலு கேப்சூல், முழுதாக.

இந்த மருந்தில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் நிறையக் குடித்து விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்தால் நெஞ்சுக்குழியில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். பேச்சு வார்த்தை இல்லாத புருஷனும் பெண்டாட்டியும் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு நாள் கடிகாரம் மட்டும் பேசியது. மூன்றாம் நாள் மாலை அவள் கேட்டாள்.

"அவங்களாத்தான் போன் பண்ணிச் சொன்னாங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு முதல்ல தெரிஞ்சிருந்தா, நீங்க அவங்களுக்குச் சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்" என்று வாய்வரை வந்தது. விழுங்கினார். "மாட்டேன்னுதான் நினைக்கறேன்."

"ம்."

அந்த "ம்" நல்லதா கெட்டதா என்று அவர் நாலு நாள் யோசித்தார்.

ஐந்தாம் நாள் காலை, மாத்திரையை விழுங்கிய கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து போன். ரத்தத்தில் இருவருக்கும் இதுவரை ஒன்றும் இல்லை. கிளமிடியா இருவருக்கும் இருக்கிறது. போடுகிற மருந்தே போதும், முடித்தால் சரியாகிவிடும். அவள் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பத்தொன்பது வருஷம் பெல்ட்ல போற எல்லாத்துலயும் குறை பார்த்தேன். என் உடம்புக்குள்ள ஒண்ணு இருந்தது எனக்குத் தெரியல," என்றாள். அப்புறம் அழுதாள். சத்தம் போட்டுத்தான் அழுதாள். அவர் கையை நீட்டினார்.

"கையை எடுங்க."

எடுத்துக்கொண்டார். எழுந்து போகலாமா என்று நாற்காலியை நகர்த்தினார்.

"எங்க போறீங்க? அரை மணி ஆகல. உட்காருங்க."

உட்கார்ந்தார். தன்னால் ஒருத்தி அழுவதை நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பது எந்த ஆஸ்பத்திரியிலும் எழுதித் தராத மருந்து. அது அவருக்கு அன்றைக்குக் கிடைத்தது. ஆண்டவனிடம் அன்று அவர் பேரம் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை, தூக்கம் தாங்காமல் உட்கார்ந்தபடியே அவர் தலை ஆடியது. கரண்டியால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது. "பூனை தூங்குது பாரு," என்றாள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருந்து முடிந்தது. மூன்று மாதக் காத்திருப்பு முடியவில்லை. அவருடைய படுக்கை முன்னறைக்கு வந்துவிட்டது, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். அது விட்டு விட்டு உறுமும். இவரும் பெருமூச்சு விடுவார். யார் எப்போது என்று பிரித்துச் சொல்ல முடியாது. விடுதியிலிருந்து பெண் போன் பண்ணி, "அப்பா ஏன் முன்னறையில படுக்கறார்?" என்று கேட்டதற்கு, "குறட்டை. அளவுக்கு மீறிப் போயிடுச்சு," என்றாள் அம்மா. அவர் குறட்டை விடுவதே இல்லை. இருந்தாலும் அந்தக் குற்றத்தை மனமார ஏற்றுக்கொண்டார்.

பஸ் கதைகளை அவர் வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டார். என்ன வாய் வைத்துக்கொண்டு சொல்வது? ஒன்றரை மாதம் போனபின் ஒருநாள் சாப்பிடும்போது, அவளே சோற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "இன்னிக்கு யாரையும் பிடிக்கலையா?"

"ஒருத்தர்... பழைய டிக்கெட்டை இஸ்திரி போட்டுக் கொண்டு வந்திருந்தார்."

"இஸ்திரி போட்டா?"

"மடிப்பு கலையாம. எனக்கே கொஞ்ச நேரம் மரியாதை வந்துடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். கேட்காமலே.

மூன்று மாதம் முடிந்து போனார்கள். மறுபடி ரத்தம், மறுபடி சிறுநீர். முடிவு வாங்கப் போன நாளில் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வரக்கூடாதது அவருக்கு வந்தால் அவருடைய வினை. அவளுக்கு வந்தால்? அந்த யோசனைக்கு அப்பால் அவரால் போக முடியவில்லை. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேலதிகாரி வரட்டும் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸம்மா இரண்டு காகிதத்தையும் பிரித்துப் பார்த்தார். மெதுவாகத்தான் பார்த்தார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று அவருக்குத் தோன்றியது.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. கிளமிடியா போயிடுச்சு. ரத்தமும் சுத்தம். நிம்மதியா போங்க."

அவர் கண்ணை மூடி மேலே பார்த்துக் கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை. தன் காகிதத்தை வாங்கி, தேதி, பெயர், ஒவ்வொரு வரி என்று முழுக்கப் படித்தாள். அப்புறம் அவருடையதையும் வாங்கி அதேபோலப் படித்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. மடித்துப் பையில் வைத்தாள். அப்போதுதான் ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது.

"இப்ப உங்களுக்குள்ள எப்படி?" என்று நர்ஸம்மா கேட்டார், அவரை விட்டுவிட்டு அவளிடம்.

"நோய் போயிடுச்சுங்க. கோபம் இன்னும் இருக்கு."

"இருக்கட்டும். அதுக்கு நாங்க மருந்து வச்சிருக்கறதில்ல." நர்ஸம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நடுவில் வைத்தார். ஆணுறைப் பெட்டி. "நம்பிக்கை திரும்பி வர்ற வரைக்கும் இது இருக்கட்டும். வேணும்னா எடுத்துக்கலாம், வேண்டாம்னா விட்டுடலாம். கட்டாயம் இல்ல."

அவர் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தை மிகவும் கவனமாகப் படித்தார். பெட்டியின் பக்கம் கண்ணைத் திருப்பவே தைரியம் இல்லை. எடுத்தால் என்ன அர்த்தம், எடுக்காமல் எழுந்துவிட்டால் என்ன அர்த்தம்? காகிதத்தில் வந்த நல்ல செய்தியெல்லாம் பாதிதான், மீதி அந்த மேஜைமேல் கிடந்தது. கைகழுவுவதற்கு ஏழு படி என்று படத்தில் இருந்தது. மூன்றாவது படியில் இருந்தபோது கைப்பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. மறுபடி மூடுகிற சத்தமும் கேட்டது. திரும்பிப் பார்த்தார். மேஜைமேல் பெட்டி இல்லை.

வெளியே வந்து, பல் பிரிவைத் தாண்டி, பெரிய வாசல்வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு வந்தார். அதற்குமேல் முடியவில்லை.

"அதை... எடுத்துக்கிட்டியா?"

"எதை?"

"அதான். அந்தப் பெட்டி."

"ஆமா. கொடுத்தாங்க, எடுத்துக்கிட்டேன்."

"அப்ப நான்... முன்னறையில இருந்து..."

"ரொம்பப் பறக்காதீங்க," என்றாள் அவள். ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்தாள். "பெட்டிமேல காலாவதி தேதி பார்த்துட்டுத்தான் எடுத்தேன். இன்னும் மூணு வருஷம் இருக்கு."